இயங்குதளம் மாறிய வீட்டில் தமிழ்க் கோப்புகள்: பிரேசர் டவுன் நினைவுகள்

வீட்டுக் கணினியின் இயங்குதளம் என்பது, விசைப்பலகையில் தட்டியதை வாங்கித் திரையில் காட்டுவது, வட்டில் பதித்து வைப்பது, அச்சுப்பொறிக்கு அனுப்புவது ஆகிய வேலைகளையெல்லாம் மற்ற மென்பொருள்களுக்காகச் செய்துகொடுக்கும் அடிப்படை மென்பொருளாகும். அது சீராக ஓடும் காலத்தில் அதைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. அது பழுதுபடும்போதும், பழைய பதிப்பைக் கைவிட்டுப் புதியதற்கு மாற வேண்டிய கட்டாயம் வரும்போதும்தான் அப்படியொன்று இருப்பதே வீட்டாருக்குத் தெரியவருகிறது. பெங்களூரு பிரேசர் டவுனில், வீலர் சாலைக்குப் பின்புறத் தெருவொன்றில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கணினி 1999 முதல் கடந்துவந்த இத்தகைய மாற்றங்களே இக்கட்டுரையின் பொருள். அக்குடும்பம் கட்டுரையாளரின் குடும்பமே. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய அண்டை வீடுகளுக்கு இயங்குதள மாற்றம் ஓரிரு நாள் சிரமத்தோடு முடிந்துவிட, தமிழில் எழுதிய அவ்வீட்டில் மட்டும், இதுவரை எழுதியவை இனிப் படிக்கக் கிடைக்குமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுந்தது.

அவ்வாறு எழுதியவர் கட்டுரையாளரின் பாட்டனார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், கண்டோன்மென்ட் தமிழரைப் பற்றித் தமக்குத் தெரிந்ததையும் முதியோர் சொல்லக் கேட்டதையும் குறிப்புகளாக எழுதிவந்தார். 1809ஐ ஒட்டி ஆங்கிலேயர் அமைத்த கண்டோன்மென்ட் என்னும் படைமுகாமைச் சுற்றி மதராஸ் மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய சிப்பாய்கள், ஒப்பந்தக்காரர்கள், வணிகர்கள். 1873இல் ஆற்காடு நாராயணசாமி முதலியார் தொடங்கிய பள்ளி. 1898இல் ரயில் வழியாக நகருக்குள் வந்த பிளேக் நோய். அந்நோய்க்குப் பின் நெரிசலைக் குறைக்கும் நோக்கில் அகன்ற தெருக்களோடு திட்டமிடப்பட்டு, மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராகவும் பின்னர் மைசூரில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடென்டாகவும் இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைப் பெற்ற இப்பகுதி. 1949இல் கண்டோன்மென்ட்டும் பெங்களூரு நகரமும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது ஆகியவை அக்குறிப்புகளில் இடம்பெற்றிருந்தன. ஆவணங்களில் புலிகேசி நகர் என்றாகிவிட்ட பின்னும் மக்கள் வாயில் பிரேசர் டவுனாகவே இருக்கும் இவ்வட்டாரத்தில், கன்னடமும் உருதுவும் ஆங்கிலமும் தமிழும் ஒரே தெருவில் ஒலிப்பதை அவர் பெருமையோடு எழுதியிருந்தார். கையெழுத்து நடுங்கத் தொடங்கியதால், அக்குறிப்புகளைக் கணினியில் ஏற்றுவது என்று முடிவாயிற்று.

கணினி எஸ்.பி. ரோடு என்று எல்லோரும் அழைக்கும் சதர் பத்ரப்பா சாலையிலிருந்து வந்தது. டவுன் ஹால் பக்கத்தில் மின்னணுப் பொருள் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் அச்சாலையில், தாய்ப்பலகை ஒரு கடையிலும் வன்தட்டு வேறொரு கடையிலுமாக வாங்கி, ஒரே பெட்டிக்குள் பூட்டித் தரும் ‘அசெம்பிள்டு’ கணினிகளே அந்நாளில் நடுத்தர வீடுகளுக்கு எட்டும் விலையில் இருந்தன. செலரான் செயலி, 64 மெகாபைட் நினைவகம், விண்டோஸ் 98 இயங்குதளம் ஆகியவற்றோடு வந்த அக்கணினியின் வன்தட்டு, வழக்கப்படி ‘சி’ என்றும் ‘டி’ என்றும் இரு பகிர்வுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இயங்குதளம் சி-யிலும் வீட்டாரின் கோப்புகள் டி-யிலும் இருந்தால், இயங்குதளம் கெட்டாலும் கோப்புகள் பிழைக்கும் என்பது கடைக்காரர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். அப்பாடம் ஆங்கிலக் கோப்புகளுக்கு முழுமையாகவும், தமிழ்க் கோப்புகளுக்குப் பாதியளவுமே பொருந்தும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, அக்காலத் தமிழ் எழுத்துரு எவ்வாறு இயங்கியது என்பதை அறிய வேண்டும். கணினி எழுத்துகளை வடிவங்களாக அல்லாமல் எண்களாகச் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பதை எழுத்துரு தீர்மானிக்கிறது. அன்றைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. தமிழ் மென்பொருள் செய்தோர் ஒவ்வொருவரும் அந்த இடங்களில் தத்தம் விருப்பப்படி தமிழ் வடிவங்களை அமர்த்தினர். பலர் ஆங்கில எழுத்துக்குரிய எண்களின் மேலேயே தமிழை ஏற்றினர். எனவே ஒரு மென்பொருளில் எழுதியதை அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த பொருளற்ற வரிசையே திரையில் தெரிந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டுத் தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. இணையத்தில் எழுதிய ஆர்வலர்கள் திஸ்கி என்னும் பொதுக் குறியீட்டை உருவாக்கிப் பரப்பினர். ஆனால் பெங்களூரில் நெகிழ்வட்டில் வாங்கிய ஒரு மென்பொருளோடு வேலையைத் தொடங்கிவிட்ட முதியவர் ஒருவரை இம்முயற்சிகள் எதுவும் எட்டவில்லை.

அக்கணினியின் பழுதுகள் முதல் சில ஆண்டுகளில் பெரும்பாலும் வன்பொருளைச் சேர்ந்தவையாகவே இருந்தன. மின்வெட்டுக்குப் பின் மீண்டும் இயக்கும்போதெல்லாம் ஸ்கேன்டிஸ்க் என்னும் வட்டுச் சோதனை நீலத் திரையில் ஊர்ந்து செல்ல, வீட்டார் பொறுமையோடு காத்திருந்தனர். திரை எழாமல் பெட்டியிலிருந்து நீண்ட ஒலி விட்டுவிட்டு வந்தால் நினைவகப் பலகையின் தொடர்பு சரியில்லை என்பது பொது அறிகுறி. அப்பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துத் துடைத்து மாட்டினால் கணினி எழுந்துவிடும் என்பதைப் பழுதுபார்க்க வந்தவர்களிடமிருந்து வீட்டுப் பிள்ளைகள் கற்றனர். நாளும் நேரமும் பழைய ஆண்டுக்குப் போய் நின்றால் தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற மூன்று வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அடிக்கடி தானே அணைந்து எழும் கணினியைத் திறந்து பார்த்தால், தாய்ப்பலகையில் மின்தேக்கிகள் தலை வீங்கி நிற்பதைக் காணலாம். 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் உலகெங்கும் பரவலாக இருந்த குறை அது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, அதனால் என்ன மாறிற்று என்று கவனித்து, பிறகே அடுத்ததைத் தொடுவது என்ற ஒழுங்கு, புத்தகம் எதுவும் இல்லாமலே அவ்வீட்டில் நிலைபெற்றது.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது. விண்டோஸ் 98 அடிக்கடி உறைந்து நிற்பதால் சலித்துப்போன குடும்பம், 2003 கோடையில் அதற்கு மாற முடிவு செய்தது. எக்ஸ்பி இயங்குவதற்கு 64 மெகாபைட் நினைவகம் போதும் என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும் 128 மெகாபைட் பரிந்துரைக்கப்பட்டதால், கூடுதல் பலகை ஒன்று வாங்கி மாட்டப்பட்டது. வேலைக்கு வந்த இளைஞர் மாஸ்க் ரோடு பக்கத்தைச் சேர்ந்தவர். தக்கனி உருது கலந்த தமிழில் பேசுபவர். “சி டிரைவ ஃபார்மட் பண்ணிடலாமா அய்யா? உங்க ஃபைல் எல்லாம் டி-யில இருக்குல்ல?” என்று கேட்டு, பாட்டனாரின் ஒப்புதல் பெற்று, சி பகிர்வை முற்றிலும் அழித்துப் புதிய இயங்குதளத்தை நிறுவினார். ஒலி, திரை, மோடம் ஆகியவற்றுக்கான இயக்கி மென்பொருள்கள், அதாவது குறிப்பிட்ட வன்பொருளோடு பேச இயங்குதளத்துக்குக் கற்றுத்தரும் சிறு நிரல்கள், தாய்ப்பலகையோடு வந்த குறுந்தகட்டிலிருந்து ஏற்றப்பட்டன. மாலைக்குள் எல்லாம் முடிந்தது. பாட்டனார் டி-யில் பத்திரமாக இருந்த தம் கோப்புகளில் ஒன்றைத் திறந்தார். பிளேக் காலத்தைப் பற்றி எழுதிய பக்கம் அரைப்புள்ளிகளின் குவியலாகத் தெரிந்தது.

கோப்பில் ஒரு பைட்டுகூடக் குறையவில்லை. குறைந்தது எழுத்துரு மட்டுமே. எழுத்துருக்கள் வீட்டார் கோப்புறையில் இருப்பவையல்ல. இயங்குதளத்தின் சொந்தக் கோப்புறைக்குள், சி பகிர்வில், இருப்பவை. பகிர்வை அழித்தபோது தமிழ் எழுத்துருவும் அதோடு போயிற்று. இதில் அந்த இளைஞரைக் குறை சொல்ல இடமில்லை; ஆங்கிலக் கணினிக்கு வகுக்கப்பட்ட நடைமுறையை அவர் பிழையின்றியே செய்தார். மென்பொருளின் மூல நெகிழ்வட்டைத் தேடி எடுத்தபோது அது பூஞ்சை படிந்து, எந்தக் கணினியிலும் படிக்கப்படாத நிலையில் இருந்தது.

இந்நிலையில் இரண்டு உண்மைகள் குடும்பத்துக்குக் கைகொடுத்தன. முதலாவது, வேர்டு மென்பொருளில் எழுதிய கோப்பு, எழுத்துரு இல்லாத கணினியிலும் அதன் பெயரைத் தன்னுள் வைத்திருக்கிறது. கோப்பைத் திறந்து வரியைத் தேர்ந்தெடுத்தால், மேலே உள்ள எழுத்துருப் பெட்டியில் அப்பெயரைப் படிக்கலாம். நோட்பேடில் எழுதிய எளிய உரைக் கோப்புகளுக்கு இந்த வசதி இல்லை. இரண்டாவது, தமிழ்த் திருமண அழைப்பிதழ் அடிக்கும் அச்சகங்கள் அதே மென்பொருளைப் பயன்படுத்திவந்தன. சிவாஜிநகர்ப் பக்கத்தில் ஓர் அச்சகக்காரர், அம்மென்பொருளுக்காகவே விண்டோஸ் 98 கணினி ஒன்றை மாற்றாமல் வைத்திருந்தார். திருட்டுப் படியைத் தடுக்க அச்சுப்பொறித் துளையில் செருகப்படும் பூட்டுக்கருவியான டாங்கிள் அந்தக் கணினியில் மட்டுமே ஒழுங்காக வேலை செய்தது என்பதே காரணம். நெகிழ்வட்டுகளில் கொண்டுபோன கோப்புகள் அங்கே தமிழாகத் திறந்தன. அவர் எல்லாப் பக்கங்களையும் தாளில் அச்சிட்டுத் தந்து, தாளின் விலையை மட்டும் பெற்றுக்கொண்டார். தமிழகத்துக்கு வெளியே தமிழ் எழுத்தைக் காத்து நின்றவர்களின் வரிசையில் இத்தகைய சிறு அச்சகக்காரர்களுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

எக்ஸ்பி நிறுவிய சில வாரங்களில் மற்றொரு தொல்லை வந்தது. தொலைபேசி வழியாக இணையத்தில் இணைந்ததும், கணினி 60 நொடியில் அணையும் என்ற அறிவிப்புத் தோன்றி, எண்ணிக்கை குறைந்து, அவ்வாறே அணைந்தது. 2003 ஆகஸ்ட் 11 முதல் உலகெங்கும் பரவிய பிளாஸ்டர் என்னும் நச்சுநிரலின் வேலை அது. பயனர் எதையும் திறக்காமலே, இணையத்தில் இருக்கும் கணினிகளைத் தேடிச் சென்று, இயங்குதளத்தில் இருந்த ஓட்டை வழியே அது உள்ளே புகுந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஜூலை 16 அன்றே வெளியாகியிருந்தது. இயங்குதளத்தை இற்றைப்படுத்துவது, அதாவது தயாரிப்பாளர் வெளியிடும் திருத்தங்களை அவ்வப்போது சேர்ப்பது, அழகுக்கான வேலையல்ல என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்திய நிகழ்ச்சி இல்லை. வெளியிலிருந்து வரும் இணையத் தொடர்புகளைத் தடுக்கும் தீச்சுவர் எக்ஸ்பியில் ஏற்கெனவே இருந்தும் அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாவது சேவைத் தொகுப்பு அதை இயல்பாகவே இயக்கத்தில் வைத்தது. சுமார் 266 மெகாபைட் கொண்ட அத்தொகுப்பைத் தொலைபேசி இணைப்பில் இறக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், கணினி இதழ்களோடு இலவசமாக வந்த குறுந்தகடுகளே பல வீடுகளுக்கு அதைக் கொண்டுசேர்த்தன.

தமிழைப் பொறுத்தவரை எக்ஸ்பி ஒரு பெரிய வாயிலைத் திறந்துவைத்திருந்தது. ஆயினும் அது கண்ணில் படும்படி இல்லை. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்த எண் வழங்கும் ஒருங்குறி என்னும் யூனிகோடு தரத்தில் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. விண்டோஸ் 2000 பதிப்பு லதா என்னும் எழுத்துருவோடு அதற்கு ஆதரவளித்தது. எக்ஸ்பியும் அதைத் தொடர்ந்தது. எனினும் எக்ஸ்பியில், வட்டார, மொழி அமைப்புகளுக்குரிய பக்கத்தில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் குறியிட்டு, நிறுவல் குறுந்தகட்டை மீண்டும் செருகினால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். தினமலரின் கம்ப்யூட்டர் மலர் போன்றவற்றின் வழியாகவே அந்தக் கட்டத்தைப் பற்றிய செய்தி வீடுகளை எட்டியது. அக்குறியை இட்டு, கணினியை மீண்டும் இயக்கி, எந்தத் தனி மென்பொருளும் இல்லாமல் இயங்குதளமே தமிழைக் காட்டியதைப் பாட்டனார் கண்ட நாள், அவ்வீட்டில் பண்டிகை நாளுக்கு ஒப்பானது.

அடுத்த வேலை, பழைய குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவது. இணையத்தில் கிடைத்த சுரதாவின் மாற்றியும், பின்னர் சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வழங்கிய என்.எச்.எம். மாற்றியும் இதற்குப் பயன்பட்டன. இம்மாற்றம் வெறும் எண்ணுக்கு எண் மாற்றுவதன்று. பழைய எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதியப்பட்டன. ‘கெ’ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ‘க’. ஒருங்குறியிலோ ஒலிப்பு வரிசையே முறை. முதலில் ‘க’, பிறகே கொம்பு. ‘கொ’ என்பதில் எழுத்தின் இருபுறமும் நிற்கும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்க வேண்டும். இதை மாற்றிகள் திறம்படச் செய்தன. ஆனால் தட்டச்சிட்டவர் செய்ததை அவற்றால் அறிய இயலவில்லை. பழைய எழுத்துருவில் துணைக்காலும் ‘ர’ எழுத்தும் ஒரே வடிவாகத் தோன்றியதால், பாட்டனார் பல இடங்களில் காலுக்குப் பதில் ‘ர’ விசையைத் தட்டியிருந்தார். தாளில் அது பிழையாகத் தெரியவில்லை. மாற்றியபின், ‘கொடி’ ‘கெரடி’ ஆயிற்று. ‘பட்டாளம்’ ‘பட்டரளம்’ ஆயிற்று. அவ்வாறே ‘ஔ’ வரவேண்டிய இடங்களில் ‘ஒ’வும் ‘ள’வும் நின்றன; பார்வைக்கு வேறுபாடு இல்லாவிட்டாலும், தேடினால் அச்சொல் கிடைக்காது. இடையிடையே வந்த ஆங்கிலப் பெயர்களையும் மாற்றிகள் தமிழென்று கருதி உருச்சிதைத்தன.

திருத்தம் மனிதர் கையாலேயே நடந்தது. அச்சகத்தில் எடுத்த தாள்களைக் கட்டுரையாளரின் அத்தை உரக்கப் படிக்க, பாட்டனார் திரையைப் பார்த்துக்கொண்டே வர, பிள்ளைகள் திருத்தினர். ரெசிடென்ட், சாப்பர்ஸ் (படைப் பொறியாளர்) என்று பெயர்கள் வரும் இடங்களிலெல்லாம் வாசிப்பு நின்று, அவற்றின் பின்னாலுள்ள கதை சொல்லப்பட்டது. எழுதப்படாத சில செய்திகள் அப்போதுதான் குறிப்புகளில் ஏறின. பழுதுபார்ப்பு என்று தொடங்கியது பதிப்பு வேலையாக மாறியது. ஒரு நூலைப் பதிப்பிப்பவர் ஓலையையும் அச்சையும் ஒப்புநோக்கும் அதே கவனத்தை, எழுத்துரு மாற்றமும் கேட்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

பின்னர் வந்த மாற்றங்கள் இவ்வளவு கடினமாக இருக்கவில்லை. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவை அக்குடும்பம் தொடவே இல்லை. 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான ஆதரவு நிறுத்தப்படுவதற்கு முன், புதிய கணினியில் விண்டோஸ் 7 வந்தது. விஸ்டா முதற்கொண்டு தமிழ், தனியே குறியிடத் தேவையின்றி இயல்பாகவே தெரிந்தது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றிருந்தது. விண்டோஸ் 7 பதிப்பின் 64 பிட் வகை, பழைய 16 பிட் நிரல்களை இயக்க மறுத்ததால், 1990களின் தமிழ் மென்பொருள் பலவற்றுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று; கோப்புகள் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டதால் அவ்வீட்டில் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. பழைய கணினியில் லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளம் சிறிது காலம் ஓடியது. லினக்ஸ் பெங்களூர் என்று 2001இல் தொடங்கிப் பின்னர் ஃபாஸ்.இன் என்று பெயர் மாறிய கூட்டங்கள் ஆண்டுதோறும் நடந்த நகரில், லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவின் குறுந்தகடு கிடைப்பது அரிதாக இல்லை. அதிலும் அதே ஒருங்குறிக் கோப்புகள் ஓர் எழுத்தும் பிசகாமல் திறந்தன. பொதுத் தரம் என்பதன் பயன் இயங்குதளத்தின் எல்லையைத் தாண்டியும் செல்லும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விரும்புவோர்க்குக் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் அதன்பின் ஓராண்டு கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11, மறைகுறிகளைப் பாதுகாக்கும் டி.பி.எம். 2.0 என்னும் சில்லையும் அண்மைத் தலைமுறைச் செயலியையும் கேட்பதால், நன்றாக ஓடும் பல கணினிகள் கைவிடப்படுகின்றன. கைவிடுவோர் விற்பதற்குமுன் வன்தட்டைத் துடைக்கச் சொல்கின்றனர். துடைக்கப்படுவதில் பழைய எழுத்துருக் கோப்புறையும் அடங்கும்.

பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், அல்சூர் வீடுகளிலும், தமிழர் வாழும் பிற ஊர்களிலும், 2005க்கு முன் தட்டச்சிட்ட குடும்ப வரலாறுகளும் கோயில், தேவாலய, பள்ளிவாசல் மலர்களுக்கான கட்டுரைகளும் சங்கத் தீர்மானங்களும் இன்னும் பழைய வட்டுகளில் உள்ளன. அவற்றை வைத்திருப்போர் இயங்குதளத்தை மாற்றுமுன், கோப்புகளோடு எழுத்துருக் கோப்புறையையும் முழுமையாகப் படியெடுத்து வையுங்கள். வேர்டு கோப்பொன்றைத் திறந்து எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றியதை மூலத்தோடு ஒருவர் படிக்க ஒருவர் ஒப்பிட்டுத் திருத்துங்கள். எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.